நூறாவது ஆள்

தேன்கரடு ஊராட்சியின் கிராம சபையில் மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விடுவார்கள். வந்தவர் கையெழுத்துப் போடுவார், டீயும் வடையும் வாங்கிக்கொள்வார், வீட்டைப் பார்த்துப் போய்விடுவார். ஆள் குறைந்தால் மறுநாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிச்ச இடத்தை நிரப்பிக்கொள்வார்கள். இதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது, பயமும் கிடையாது. தேன்கரட்டில் அது நடக்காது. ஊராட்சித் தலைவி மகாராணி எழுந்து நின்று, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். கூப்பிட்ட ஆள் 'இருக்கேன்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பதிவேடு அவர் கைக்குப் போகும்.

முதல் வருஷம் ஊரே கேலி செய்தது. பழைய தலைவர் ராஜமுருகன் டீக்கடையில் உட்கார்ந்து அவள் குரலில் பெயர் கூப்பிட்டுக் காட்டுவார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே 'இருக்கேன்' என்பார். ராஜமுருகனுக்கு அதைத் தவிர வேறு ஆறுதல் என்ன இருந்தது? பதினைந்து வருஷம் தலைவராக இருந்தவர். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் மனைவி சுந்தராம்பாளை நிறுத்தினார். அந்த அம்மாள் கையெழுத்துப் போட, இவர் ஆள்வதாக ஏற்பாடு. சிலோன் காலனியிலிருந்து ஒருத்தி வந்து நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிட்டாள். பூண்டுக் காட்டில் கூலிக்குக் குனிந்து நின்றவள் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவரால் ஐந்து வருஷமாகியும் செரிக்க முடியவில்லை.

மகாராணிக்குப் பெயர் கூப்பிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று காலனிக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தினமும் காலையில் எல்லாரும் ஒரு களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி பெயரைக் கூப்பிடுவான். 'ஐயா' என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு. ஒரே ஒரு முறைதான் கூப்பிடுவான். குரல் வரப் பிந்தினால் பெயர் போய்விடும். காய்ச்சல், மழை, பிள்ளை பெற்ற உடம்பு, எதுவும் செல்லாது. மகாராணி சின்ன வயதில் அதையெல்லாம் பார்த்தவள். தம்பி பிறந்து பத்தாம் நாள் அவளுடைய அம்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு ஓடியதையும், போய்ச் சேருமுன் பெயர் போய்விட்டதையும், அம்மா திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதையும் பார்த்தவள்.

அதனால் தலைவியானதும் இரண்டு மாற்றம் செய்தாள். "இங்க ஐயாவும் கெடையாது, தொரையும் கெடையாது. இருக்கேன்னு சொல்லுங்க, போதும்" என்றாள். அடுத்து, ஓர் ஆளை மூன்று முறை கூப்பிடுவது என்று வைத்தாள். மூன்றாவது கூப்பிடலுக்கும் குரல் வராவிட்டால்தான் அடுத்த பெயர். யாருக்காகவும் அவள் அதைக் குறைத்ததில்லை.

அவள் பத்து வயதில் இங்கே வந்தாள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டதில், அப்பா இருளப்பனின் குடும்பம் இந்தியாவின் பங்குக்கு வந்தது. அக்கா மூக்கம்மா அதற்கு முந்தைய வருஷம்தான் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் வாக்கப்பட்டிருந்தாள். அவள் புருஷன் வீட்டார் இலங்கையின் பங்கு. கோச்சி ஏறிய ரயில் நிலையத்தில் அக்கா ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததுதான் மகாராணி அவளைக் கடைசியாக நேரில் பார்த்தது. கப்பலில் வந்து, மண்டபத்து முகாமில் கிடந்து, யாரோ சொன்னார்கள் என்று கூக்கால் ஏரிக்கு மேலே இந்தக் கரட்டில் வந்து குடிசை போட்டார்கள். நாற்பது வருஷமாகிறது. குடிசைகள் தகரக் கூரையாயின, சில வீடுகள் கான்கிரீட் கட்டடமும் ஆயின. காலனிக்குக் கரண்டு வந்தது, குழாய் வந்தது, ஓட்டு வந்தது. குடியிருக்கிற மண்ணுக்குப் பட்டா மட்டும் வரவில்லை.

பட்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் மகாராணி ஜெயித்தாள். அவள் திண்டுக்கல்லுக்கு அலைந்த அலைச்சலில் நான்கு ஜோடிச் செருப்புத் தேய்ந்திருக்கும். அலுவலகங்களில் உட்காரச் சொன்னவர்களும் உண்டு, கண்ணாலேயே வெளியே காட்டியவர்களும் உண்டு. ஒருவழியாகக் கோப்பு நகர்ந்தது. பழைய ஆதாரம் ஏதும் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். அப்பாவின் தகரப் பெட்டியைக் குடைந்து, எண்பத்தைந்தாம் வருஷத்து முதல் பட்டா மனுவின் கார்பன் நகலை எடுத்தாள். காலனியில் முதலில் குடிசை போட்டவர்களின் பெயர்கள். மொத்தம் பன்னிரண்டு. முதல் பெயர் இருளப்பன். கடைசிப் பெயர் மூக்கம்மா. இங்கே வராத மகளின் பெயரையும் அப்பா சேர்த்திருந்தார். என்றைக்காவது வருவாள், வந்தால் அவளுக்கும் ஒரு துண்டு மண் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்பதற்கு அப்பாவும் இல்லை. மூக்கம்மாவைத் தவிர அந்தப் பட்டியலில் யாருமே இப்போது உயிரோடு இல்லை.

விஷயம் அக்டோபர் இரண்டாம் தேதிச் சபையில் தொடங்கியது.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தது. நண்பகலிலேயே பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, நாலு வரிசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பருவத்துக்கு அது வாடிக்கைதான். மகாராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜனங்களுக்குக் காட்டலாம் என்று பழைய மனுவையும் மேசையில் வைத்திருந்தாள். காற்றில் காகிதங்கள் புரண்டன. அவள் குனிந்து, மேலே வந்து கிடந்த மனுவில் கண்ணில் பட்ட பெயரை யோசிக்காமல் வாசித்தாள்.

"ராக்காயி."

"ஐயா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சபை சிரித்தது. ராக்காயிக் கிழவி இழுப்பு வந்து செத்துப் பதினோரு வருஷம். எவளோ விளையாடுகிறாள் என்று மகாராணியும் சிரித்தாள். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ராக்காயியின் மருமகள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எங்க மாமியா குரலு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஊராட்சிச் செயலர் ஜெயப்பிரியா பதிவேட்டைச் சரிபார்த்தாள். குரல் கொடுத்தவர்கள் நூற்று இருபத்தாறு பேர். பதிவேட்டில் நூற்று இருபத்தேழு.

"கடைசில ஒரு ரேகை கூடுதலா கெடக்குங்கம்மா. பேரே எழுதல. நம்ம இங்க் பேடு ஊதா. இது கறுப்பா இருக்கு, பாருங்க."

மகாராணி அந்த ரேகையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பச்சைத் தேயிலைக் கொழுந்து ஆய்ந்தால் விரலில் ஏறும் கறை அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அம்மாவின் விரல்கள் சாகும்வரை அப்படித்தான் இருந்தன. இந்த மலையில் பூண்டு விளைகிறது, உருளை விளைகிறது, கேரட் விளைகிறது. தேன்கரட்டைச் சுற்றி ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. ஜெயப்பிரியா பேனாவை எடுத்து அதை அடிக்கப் போனாள்.

"அடிக்காத. கெடந்துட்டுப் போகட்டும்" என்றாள் மகாராணி. வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த மாதம்தான் அக்காவின் போன் அடிக்கடி வர ஆரம்பித்தது. மூக்கம்மாவுக்கு அறுபது வயது. கொழுந்து பறிப்பதிலிருந்து நின்று ஐந்து வருஷமாகியும் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில், ஒற்றை அறையான அதே காம்பராவில் இருந்தாள். பேரன் வாங்கிக் கொடுத்த போனில் வாட்ஸப்பில் கூப்பிடுவாள். முகம் தெரியாது. எப்போதும் நெற்றியும் கூரைத் தகரமும்தான் தெரியும்.

"தங்கச்சி, இங்க ஆட்சி மாறிருச்சுதானே. லயத்துல இருக்க எல்லாருக்கும் காணியும் உறுதியும் எழுதித் தரப் போறதா சொல்றாங்க. இந்தச் சனம் நம்ப மாட்டேங்குது. எத்தன ஆட்சி வந்துச்சு, எல்லாம் சொன்னதுதானேங்கிறாங்க. நான் ஒன்னையத்தான் காட்டிப் பேசுறேன். என் தங்கச்சியும் இந்த லயத்துல பொறந்தவதான், இன்னைக்கு இந்தியாவுல தலைவியா இருக்கான்னு."

மகாராணிக்குப் பெருமையாக இருந்தது. அக்கா அடுத்ததாகக் கேட்டதுதான் வினை.

"ஒனக்கு அங்க உறுதி கெடச்சிருச்சுதானே?"

அங்கே பட்டாவைத்தான் உறுதி என்பார்கள். இல்லை அக்கா, நாற்பது வருஷமாக நாங்களும் பட்டா இல்லாத மண்ணில்தான் கிடக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனே தவிர நான் படுக்கிற இடம் எனக்குச் சொந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் குரலில் இருந்த ஆசை அவளைச் சொல்ல விடவில்லை.

"கெடச்சிருச்சு அக்கா. போன வருஷமே குடுத்துட்டாங்க."

"பேரு கூப்பிட்டா குடுத்தாங்க?"

"ஆமா. வரிசையா நிக்க வச்சு, பேரு கூப்பிட்டுக் குடுத்தாங்க."

அந்தப் பொய் கடல் தாண்டிப் போய் நன்றாகவே வேலை செய்தது. ஆயுளில் ஒரு கூட்டத்தில் வாய் திறக்காத மூக்கம்மா தோட்டத்துக் கோயிலில் நின்று பேசினாள். தங்கச்சிக்குக் கிடைத்தது, நமக்கும் கிடைக்கும் என்றாள். லயத்துப் பெண்கள் முப்பது பேர் சேர்ந்து மனு எழுதினார்கள். பதிவு செய்ய அதிகாரி வருகிற தேதியையும் வாங்கிவிட்டார்கள். இதையெல்லாம் அக்கா மூச்சு வாங்க வாங்கச் சொல்லும்போது மகாராணிக்குச் சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வரும். இங்கே பட்டாவை வாங்கிவிட்டால் பொய் உண்மையாகிவிடும், அப்புறம் யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அக்டோபர் சபை முடிந்து பத்து நாள் கழித்துக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காலனிக்குப் பட்டா வழங்க ஆட்சேபணை இல்லை என்று கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரியில் அவளுடைய பதவிக்காலம் முடிகிறது. நடுவில் இருப்பது நவம்பர் சபை ஒன்றுதான். அதை விட்டால் ராஜமுருகன் கையில் போய் விழும். காலனியை ஒட்டிய சரிவைத் தன் உருளைக் காட்டோடு சேர்த்துக்கொள்ள அவர் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

சபைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தம் பலமாகக் கேட்டது.

"தங்கச்சி, ஒம்பது நாளா விடாத மழ. லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சுக் கெடக்கு. கைய உள்ள விடலாம், அம்புட்டு அகலம். எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருங்கன்னு கிராம சேவகர் வந்து சொல்லிட்டுப் போனாரு. பாதிச் சனம் போயிருச்சு."

"நீயும் போ அக்கா."

"நாளைக்குத்தானே பதிய வர்றாங்க. லயத்துக்கு வந்து, யார் யாரு எந்தக் காம்பரான்னு பேரு கூப்பிட்டு எழுதுவாங்களாம். நான் ஸ்கூல்ல போயி இருந்தா பேரு வெட்டுப்பட்டுப் போகாதா?"

யாராக இருந்தாலும் பேரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஓடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். மகாராணி ஒரு நிமிஷம் யோசித்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய அம்மா நினைவுக்கு வந்தாள். பெரட்டுக்களத்தில் பிறந்த புத்தி அவளுக்குப் பதிலாகப் பேசிவிட்டது.

"பேரு கூப்பிடுறப்ப நிக்கணும் அக்கா. ஒரு ராத்திரிதான. பேர எழுதிட்ட ஒடனே வெரசாப் போயிரு."

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றாள் மூக்கம்மா.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் மகாராணி மூன்று தடவை அக்காவுக்கு அடித்தாள். மணியே போகவில்லை. மழைக்கு டவர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பினாள். வேறெதையும் நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

மஞ்சு அன்றைக்கு அக்டோபரைவிட மோசம். மூன்றாவது வரிசையே கலங்கலாகத்தான் தெரிந்தது. ராஜமுருகன் தன் வேலையைச் செய்திருந்தார். அதே நாளில் பழனிக்கு இரண்டு வேன் விட்டிருந்தார். போக வர இலவசம், சாமி தரிசனம், திரும்பும்போது பாலசமுத்திரத்தில் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. ஊரில் பாதி அதில் ஏறிவிட்டது. அவர் காட்டில் வேலை செய்யும் காலனிக்காரர்கள் சிலரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. வேடிக்கை பார்க்கச் சபைக்கு வந்து, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சபை செல்லுபடியாக நூறு பேர் வேண்டும். அரசாங்கத் தமிழில் அதைக் குறைவெண் வரம்பு என்பார்கள். மகாராணி பட்டியல் முழுவதையும் கூப்பிட்டு முடித்தாள். எண்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

சபையைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து அனுப்பப்பட்ட பற்றாளர் வேலுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி பஸ்ஸ விட்டா எனக்கு நாலரைக்குத்தாங்க. அதுக்குள்ள ஆளு சேரலைன்னா வரம்பு இல்லைன்னு எழுதிட்டுக் கெளம்பிருவேன்."

ஜெயப்பிரியா குனிந்து, "பதினோரு பேருதாங்கம்மா. சாயங்காலம் வீடு வீடாப் போயி வாங்கிருவோமா" என்று கிசுகிசுத்தாள்.

"அப்பிடி வாங்குறதுக்கு இவரே இருந்துருக்கலாமே, நான் எதுக்கு?" என்றாள் மகாராணி. கண் ராஜமுருகன் பக்கம் போனது. அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவள் மேசையில் கிடந்த பழைய மனுவைப் பார்த்தாள். அந்தக் கறுப்பு ரேகை நினைவுக்கு வந்தது. கள்ளக் கையெழுத்து வாங்க மாட்டேன் என்றுதான் ஊருக்குச் சத்தியம் செய்திருந்தாள். கூப்பிட்டால் குரல் கொடுக்கிறவர்களைக் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. இந்த மண்ணை முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான். அவர்களைவிட யாருக்கு இந்தச் சபையில் உட்கார உரிமை இருக்கிறது? பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

"காலனியோட மொத மனுதாரருக பேரு வாசிக்கிறேங்க" என்றாள்.

"யாரா இருந்தாலும் சரிங்க, பதிவேட்டுல விழுகணும்" என்றார் வேலுச்சாமி. அவர் கண்ணாடியில் மஞ்சு படிந்திருந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது.

"இருளப்பன்."

சபை பேச்சை நிறுத்தியது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டாள்.

"ஐயா."

அப்பாவின் குரல். பீடி குடித்துக் கரகரத்த, பாதி தொண்டைக்குள்ளேயே நிற்கும் குரல். சாகும் முன் கடைசி மூன்று மாதம் பேச முடியாமல் கிடந்தவர், அதற்கு முந்தைய குரலில் பேசினார். மகாராணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் அழுதுவிடுவோம் என்று அடுத்த பெயரை வாசித்தாள்.

"ராக்காயி."

"ஐயா."

"செவனு."

"ஐயா."

காலனிப் பெண்கள் யாரும் திரும்பவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பதிவேடு கை மாறிக் கை மாறிப் பின்னால் போனது. கடைசி வரிசையில் இருந்தவள் அதை மஞ்சுக்குள் நீட்டிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். யாரோ அதை வாங்கினார்கள். தோட்டத்தில் மழைக்குப் போர்த்தும் கம்பளியின் ஈர வாடை முன்வரிசை வரைக்கும் வந்தது.

ஐந்தாவது பெயருக்கு ராஜமுருகன் எழுந்துவிட்டார். "எவன் எவள நிப்பாட்டி வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு வாரேன். பற்றாளர் சார், நீங்களும் வாங்க." வேலுச்சாமி அசையவில்லை. ராஜமுருகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். நான்காவது வரிசையில் அவர் உருவம் மறைந்தது. மகாராணி நிறுத்தாமல் ஆறு, ஏழு, எட்டு என்று வாசித்தாள். குரல்கள் வந்துகொண்டே இருந்தன.

ராஜமுருகன் திரும்பி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து கிடந்தது. செவனு அவருடைய காட்டில் மருந்தடிக்கும்போது விழுந்து செத்தவன். அவன் பெண்சாதிக்கு அவர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்பி விஷயத்தை முடித்திருந்தார். யாரைப் பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் நாற்காலியை மகாராணியின் மேசைக்கு ஒட்டி இழுத்துப் போட்டு, பின்பக்கம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பதினோராவது பெயர் மாரிமுத்து. மூன்று முறை கூப்பிட்டும் குரல் வரவில்லை. குழாயடித் தகராறில் அப்பாவோடு பேச்சை நிறுத்திய மனுஷன், செத்தும் வீம்பை விடவில்லை போலும். மகாராணி தன் வழக்கத்தை மீறி நான்காவது முறையும் கூப்பிட்டாள். மஞ்சு அப்படியே நின்றது.

ஜெயப்பிரியா பதிவேட்டை எண்ணிப் பார்த்தாள். "தொண்ணூத்தொம்பதுங்கம்மா" என்றாள். வேலுச்சாமி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மணி ஒன்றாகப் பத்து நிமிஷம்.

பட்டியலில் இன்னும் ஒரு பெயர்தான் பாக்கி.

மகாராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா உயிரோடு இருக்கிறாள். இந்தப் பட்டியலைக் கூப்பிட்டால் யார் வருகிறார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அக்கா வரமாட்டாள். வரக் கூடாது. போனை எடுத்து மேசைக்கு அடியில் அடித்தாள். மணி போகவில்லை. மறுபடியும் அடித்தாள். தொண்ணூற்றொன்பது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, கூப்பிடுவோம், குரல் வராது, அக்கா நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வோம், பட்டா போனால் போகட்டும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு பெயரைக் கூப்பிட்டாள்.

"மூக்கம்மா."

குரல் இல்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூக்கம்மா."

இல்லை. மகாராணிக்கு நெஞ்சு லேசாயிற்று. இத்தோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. முன்வரிசையில் எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்று முறை கூப்பிடுவேன் என்று சொன்னவள் அவள்தான். ஐந்து வருஷமாக ஒருவருக்கும் அதைக் குறைத்ததில்லை. சொந்த அக்காவுக்கா குறைப்பது? மூன்றாவது முறை, பக்கத்தில் இருக்கும் ஜெயப்பிரியாவுக்குக்கூடச் சரியாகக் கேட்காதபடி, வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"மூக்கம்மா."

"ஐயா" என்று குரல் வந்தது. வெகு தூரம் ஓடி வந்த மூச்சோடு, எங்கே பிந்திவிட்டோமோ என்ற பதற்றத்தோடு வந்தது.

மகாராணி உட்கார்ந்துவிட்டாள். பதிவேடு பின்னால் போனதும் திரும்பி வந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. ஜெயப்பிரியா அதை அவள் முன் விரித்தாள். கறுப்பு ரேகைகளுக்குக் கீழே கடைசியாக ஒன்று, செம்மண்ணில், ஈரம் காயாமல் இருந்தது.

"நூறு ஆயிருச்சுங்கம்மா."

அந்தப் பெயரை அடி என்று சொல்லலாம். அடித்தால் தொண்ணூற்றொன்பது. அடித்தால் அக்கா செத்ததற்கு இந்தப் பக்கம் சாட்சி கிடையாது, டவர் வருகிற வரைக்கும் அவள் உயிரோடுதான் இருப்பாள். நில் என்று சொன்ன வாயால் அடி என்றும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மகாராணி அந்த ஈர ரேகையையே பார்த்தாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. சபை முன்னால் தலைவி அழக் கூடாது என்றெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வேலுச்சாமி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, "எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

"எழுதுங்க."

ஜெயப்பிரியா பதிவேட்டின் காலிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். பதினோரு பேரின் பெயர், தகப்பன் பெயர், கதவு எண். கடைசி வரியில் பேனா நின்றது.

"மூக்கம்மா, தகப்பன் பேரு இருளப்பன். கதவு எண் என்ன போடட்டுங்கம்மா?"

"எங்க வீட்டு நம்பரையே போடு" என்றாள் மகாராணி. "வந்துட்டாள்ல."